சொசைட்டி ஜன்னலுக்குப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

30 அக்டோபர் 2024, காலை

இன்று உலக சிக்கன நாள். 1924-இல் மிலான் நகரத்தில் சேமிப்பு வங்கிகள் கூடிய மாநாட்டில் தொடங்கியது, இந்த வருடத்தோடு நூறு ஆண்டு. மற்ற நாடுகளில் 31-ஆம் தேதி. அது இந்திரா காந்தி இறந்த நாள் என்பதால் நாம் ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொண்டோம். பேப்பரில் வழக்கம்போல் வாழ்த்துச் செய்தி வந்திருக்கிறது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் (ஊரில் சொசைட்டி என்போம்) 31 வருடம் காசாளராக இருந்தேன். 2018-இல் ஓய்வு. நான் சேர்ந்த காலத்தில் அரைக்கால் சட்டைப் பிள்ளைகள் கைக்குட்டையில் முடிந்த சில்லறையோடு ஜன்னலுக்கு வருவார்கள். ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசிப் பத்து வருடத்தில் அப்படி ஒரு பிள்ளையையும் பார்க்கவில்லை. உரம் வாங்க, நகை மீட்க, பயிர்க்கடனுக்குக் கையெழுத்துப் போட வரும் பெரியவர்கள்தான்.

உங்கள் ஊர்ச் சொசைட்டியில் பிள்ளைகள் பணம் போடுகிறார்களா? போட்டால் எப்படி வரவைக்கிறார்கள்? எழுதுங்கள், நீங்கள் எழுதுவதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை சேமிக்க வட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். தெரிந்த ஆள் ஒருவர் கை நீட்டி வாங்கி, அதன் கண்ணுக்கு முன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். எழுதியதைப் பத்தாவது முடிக்கும் வரை எடுக்க விடக்கூடாது.

30 அக்டோபர், இரவு

சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புத் திட்டத்தை நினைவுபடுத்திய இரண்டு பேருக்கும்: அது கூட்டுறவு இல்லை. தேசிய சேமிப்பு நிறுவனம் கொண்டுவந்தது, பணம் தபால் ஆபீசுக்குப் போகும். ஆனால் பிள்ளைகளே காசாளர், பிள்ளைகளே கணக்கர், மேலே ஒரு ஆசிரியர் என்று வைத்த அந்த அமைப்பு ஒரு சின்ன நாணயச் சங்கம் (உறுப்பினர்கள் சேமித்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் கூட்டுறவு) மாதிரியேதான் இருந்தது. செப்டம்பர் 15-ஐச் சஞ்சாயிகா நாள் என்று பள்ளியில் கொண்டாடுவோம்.

எனக்கும் அதில் கணக்கு இருந்தது. ஏழாம் வகுப்பு, 1973. பத்துப் பைசா, இருபத்தைந்து பைசா என்று போட்டு 11 ரூபாய் 40 பைசா சேர்த்திருந்தேன். நடு வருடத்தில் அப்பாவுக்கு மாற்றல். சான்றிதழ் வாங்கப் போன அன்று புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். "அடுத்த வாரம் வா" என்றார் பொறுப்பாசிரியர். அடுத்த வாரம் நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். அப்பா ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார், பதில் வரவில்லை.

ஐம்பது வருடம் ஆகிவிட்டது, அந்த 40 பைசா வரைக்கும் நினைவில் நிற்கிறது. நான் காசாளரான பிறகு ஒரு பிள்ளையையும் "அப்புறம் வா" என்று ஜன்னலிலிருந்து திருப்பி அனுப்பியதில்லை.

31 அக்டோபர், தீபாவளி

காலையில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுத் தம்பி பேரன் வந்து காலில் விழுந்தான். நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன். வாங்கிய கையோடு அவன் அம்மாவிடம் நீட்டினான், அவள் பர்சில் போட்டாள். அவன் பட்டாசு பக்கம் ஓடிவிட்டான். நூறு ரூபாய் அவன் கையில் இருந்த நேரம் பத்து நொடி இருக்கும்.

3 நவம்பர் 2024

அயர்லாந்தில் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

மகள் அங்கே கார்க் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். 2023 பிப்ரவரியில் போய் மூன்று மாதம் இருந்தேன். பேத்திக்கு அப்போது ஏழு வயது. வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ஒரு பழுப்பு உறையைப் பையில் வைக்கச் சொல்லி அம்மாவை விரட்டுவாள். என்ன என்று கேட்டேன். "ஸ்கூலுக்குக் கிரெடிட் யூனியன் வரும், தாத்தா" என்றாள், பால்காரர் வருகிறார் என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி.

கிரெடிட் யூனியன் என்றால் நம் நாணயச் சங்கம்தான். அந்த ஊரில் குடியிருக்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள் உறுப்பினர். அவர்கள் போடும் பணத்தை அவர்களுக்கே கடனாகக் கொடுப்பது, லாபம் இருந்தால் ஈவு. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவில் அலுவலகம். பார்த்ததும் நம் சொசைட்டிக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது எனக்கு, மண்ணெண்ணெய் வாசனை மட்டும்தான் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பேத்தியை விட்டுவிட்டு அனுமதி கேட்டுக்கொண்டு பள்ளிக் கூடத்தில் நின்று பார்த்தேன். நீள மேசை. இரண்டு அம்மாள்கள், எழுபதைத் தொடும் வயது, சம்பளம் இல்லாத தொண்டர்கள். வகுப்புவாரியாகக் குட்டிப் புத்தகங்களை ரப்பர் போட்டுக் கட்டி அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து உறையைக் கவிழ்க்கிறார்கள். பெரிய வகுப்புப் பையன் ஒருவனும் பெண் ஒருத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். எண்ணியதைச் சத்தமாகச் சொல்ல, அந்த அம்மாள் புத்தகத்தில் எழுதி, சுருக்கக் கையெழுத்துப் போட்டு, பெயர் சொல்லிக் கொடுக்கிறார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரிகிறது! அண்ணன் எப்படி இருக்கிறான், முயல் குட்டி போட்டதா என்று ஒரு கேள்வியும் சேர்ந்து வரும்.

பேத்தி கொண்டு போனது இரண்டு யூரோ. அவளுக்கு முன்னால் நின்றவன் கொண்டுவந்தது இருபது சென்ட் காசு ஒன்று. நான் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் காசாளர் யார் என்று தெரியும். இருபது சென்ட்டை வாங்கிய அதே முகத்தோடு இரண்டு யூரோவையும் வாங்கினார்.

புத்தகத்தை வாங்கிய பேத்தி திறந்து, புது வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள்.

3 நவம்பர், இன்னொன்று

விட்டுப்போனது. அங்கே பிள்ளைகளின் பணத்துக்கும் சட்டப்படி வைப்புக் காப்பு (சங்கம் நொடித்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதம்) உண்டு, ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோ வரை. யாரோ கேட்டிருந்தீர்கள். நம் சொசைட்டி பற்றிய பதில் சங்கடமானது, தனியாக எழுதுகிறேன்.

6 நவம்பர் 2024

"வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது" என்று எழுதியவருக்கு.

இது எங்கிருந்து எங்கே போயிற்று என்று பாருங்கள். ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் படித்துவரச் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சனை அனுப்பியது. அவருடைய அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரண்டு பாகமாக வந்தது. அதன் சாரம் "ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்" என்ற ஒரே வரி. அதாவது, ஊருக்கு ஒரு நேர்மையான ஆள். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திரூரில் கிராமச் சங்கம், பெரிய காஞ்சிபுரத்தில் நகர வங்கி, திருவல்லிக்கேணியில் பண்டகசாலை. 1907-இல் பாஸ்டன் ஜவுளி வியாபாரி எட்வர்ட் ஃபைலீன் இந்தியா வந்து வங்காளக் கிராமங்களில் இந்தச் சங்கங்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, அமெரிக்காவில் கிரெடிட் யூனியன் இயக்கத்துக்குத் தன் பணத்தையே கொட்டினார். அமெரிக்கச் சங்கங்களின் வழியைப் படித்துத்தான் டப்ளினில் நோரா ஹெர்லிஹி தோழர்களோடு சேர்ந்து 1958-இல் அயர்லாந்தின் முதல் சங்கங்களைத் தொடங்கினார்.

நோரா ஹெர்லிஹி பள்ளி ஆசிரியை. என் மகள் இருக்கும் அதே கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குள் மேசை போடும் வழக்கத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

கனடாவில் அல்ஃபோன்ஸ் தெஜார்தென் 1900-இல் லெவி என்ற ஊரில் தன் வீட்டிலேயே சங்கத்தை வைத்து நடத்தினார். அவர் வெளியூர் வேலைக்குப் போகும் மாதங்களில் மனைவி தோரிமேன்தான் கணக்குப் பார்த்தது. 1901 ஜனவரியில் முதல் வசூல் நாள். முதல் வரவு பத்து சென்ட். அன்றைய மொத்தம் 26 டாலர் 40 சென்ட். இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். பிற்பாடு மலைபோல வளர்ந்த ஒரு நிறுவனம் தன் முதல் பேரேட்டின் பத்து சென்ட்டை மறக்காமல் வைத்திருக்கிறதே, அது பெரிய விஷயம்.

7 நவம்பர்

செல்வமகள் கணக்கு போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நல்ல திட்டம். இப்போது 8.2 சதவீதம், வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலும் போதும், பெண் பிள்ளை வைத்திருக்கிற எல்லோரும் போடுங்கள். ஆனால் அது உங்கள் சேமிப்பு. பிள்ளைக்கு அதில் ஒரு காசும் கையில் படாது. நான் பேசுவது பிள்ளையின் சேமிப்பை.

வட்டிக் கணக்கு கேட்டவருக்கு: வாரம் ஐந்து ரூபாய், 52 வாரம், 260 ரூபாய். நாலு சதவீதம் என்றால் வருடக் கடைசியில் ஐந்து ரூபாய் சொச்சம் வட்டி. ஒரு வாரத்துப் பணம். எட்டு வயதுப் பிள்ளையை இந்த ஐந்து ரூபாய் இழுத்துவராது.

14 நவம்பர் 2024

குழந்தைகள் தினம். கூட்டுறவு வார விழா தொடங்குவதும் இன்றுதான், 20 வரை. ஏழு வண்ணக் கொடி ஏற்றுவோம். நேரு பிறந்த நாள் என்பதால் இரண்டும் ஒரே நாளில் அமைந்தன. இத்தனை வருடமும் பள்ளியில் மிட்டாய், சங்கத்தில் கொடி என்று இரண்டும் தனித்தனியாகவே நடந்துவருகின்றன.

1996-இல் இந்த நாளில்தான் நாங்கள் சிறுவர் சேமிப்பு தொடங்கினோம். அப்போதிருந்த தலைவருக்கு ஆர்வம். 200 தகர உண்டியல் செய்து வாங்கினோம், பச்சை வண்ணம், அடியில் சின்னப் பூட்டு. சாவி சங்கத்தில். பிள்ளைகளைச் சட்டப்படி உறுப்பினராகச் சேர்க்க முடியாது, பதினெட்டு முடிய வேண்டும். அதனால் காப்பாளர் பெயரோடு சேமிப்புக் கணக்கு.

முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. உண்டியலைக் கொண்டுவந்து ஜன்னலில் வைப்பார்கள், நான் திறந்து கவிழ்ப்பேன். காசோடு சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை எல்லாம் விழும். இரண்டாவது மாதம் பாதி வந்தது. மூன்றாவது மாதம் அறுபதோ எழுபதோ. ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. சங்கம் வேலை செய்வது பத்திலிருந்து ஐந்து வரை, பிள்ளை பள்ளியில் இருப்பதும் அதே நேரம். சாவி எங்களிடம் இருந்தது, நேரமும் எங்கள் வசதிக்கு இருந்தது.

எங்கள் உதவியாளர் ஒருவர் (பெயர் போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது) தானாகவே முன்வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்குச் சைக்கிளில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளி வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மணி அடித்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். அட்டையில் எழுதுவார், ஒரு முத்திரை குத்துவார். அந்த முத்திரைச் சத்தத்துக்காகவே ஐம்பது பைசா போடும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆறு மணிக்குச் சங்கத்துக்கு வந்து என்னிடம் சில்லறையைக் கொட்டுவார், இரண்டு பேரும் எண்ணி அடுக்கிச் சிட்டாவில் (அன்றாடக் கணக்குப் புத்தகம்) ஏற்றிவிட்டு விளக்கை அணைப்போம்.

2003-இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த பொங்கலுக்குள் வேப்பமரத்தடி காலி.

கார்க்கில் அந்த அம்மாளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்ததன் காரணம் இதுதான். நாங்கள் இதையே செய்தோம். ஏழு வருடம் செய்தோம்.

15 நவம்பர்

பரிசு பற்றி. அதிகம் சேர்த்த பிள்ளைக்குப் பரிசு என்று முதல் வருடம் வைத்தோம். அது வட்டிக்கடைக்காரர் மகனுக்குப் போயிற்று, வேறு யாருக்குப் போகும்? எங்கள் பள்ளிச் சஞ்சாயிகாவில் திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தொகையை வாசிப்பார்கள். போட ஒன்றுமில்லாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்போம், நானும் பல வாரம் நின்றிருக்கிறேன்.

அடுத்த வருடம் மாற்றினோம். எவ்வளவு என்று பார்க்காமல் எத்தனை வாரம் என்று மட்டும் எண்ணினோம். நாற்பது முத்திரைக்கு மேல் உள்ள எல்லோருக்கும் ஒரு பேனா. நாற்று நடும் வேலைக்குப் போகிறவர் மகள் ஒருத்தி 46 முத்திரை வைத்திருந்தாள், மொத்தம் 31 ரூபாய். பிள்ளைகள் சேமிப்பு நடத்துகிற எந்தச் சங்கமும் தொகையை வெளியில் சொல்லக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

2 டிசம்பர் 2024

இரண்டு வாரத்துக்கு மேலாக எழுதாததற்குக் காரணம் உண்டு.

அக்டோபர் 30 இரவு "ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பியதில்லை" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். எங்கள் ஊர்ப் பையன்தான், இப்போது திருப்பூரில் இருக்கிறான். "சார், என்னை அனுப்பினீங்களே" என்று ஒரே வரி.

அவனிடம் கேட்டுத் தெரிந்த பிறகுதான் எனக்கு முழுக்க நினைவு வந்தது. 1998 அல்லது 99. ஆறாவது படித்தான். சைக்கிள் டியூப் மாற்ற வேண்டும், அவன் கணக்கில் 52 ரூபாய் இருந்தது, 38 ரூபாய் கேட்டு வந்தான். எங்கள் தீர்மானம் பத்தாவது முடியும் வரை எடுக்கக்கூடாது, அவசரம் என்றால் காப்பாளர் கையெழுத்து. அப்பா கரும்பு வெட்டப் போயிருந்தார், வர இரண்டு மாதம் ஆகும். "அப்பா வந்ததும் வா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் ரசீதை எடுத்தேன்.

டியூப் இல்லாததால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அந்த இரண்டு மாதமும் நடந்து போயிருக்கிறான். அப்பா வந்த பிறகு கையெழுத்தோடு வந்து 52 ரூபாயையும் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வரவே இல்லை, அவன் தங்கைகளும் வரவில்லை.

11 ரூபாய் 40 பைசாவுக்காக ஐம்பது வருடம் வருந்துகிறவன், அதே வார்த்தையை இன்னொரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதை மறந்தும் போயிருக்கிறேன். அவனிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், ரூல்தானே" என்றான். ரூல்தான். அந்தத் தீர்மானத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

4 டிசம்பர்

ஆகவே முதல் நாள் காலையில் எழுதியதில், பத்தாவது முடிக்கும் வரை எடுக்க விடக்கூடாது என்ற கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். எடுக்க விட வேண்டும். கேட்ட அன்றே, கேட்ட தொகையை, முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

பூட்டி வைத்தால்தான் சேரும் என்று வாதாடுகிறவர்களுக்கு: மண் உண்டியல் அந்த வேலையைச் செய்யும், சங்கம் எதற்கு? பணத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது எப்போது? அது கேட்டுத் திரும்ப வாங்கிய அன்றுதான். எங்கள் உதவியாளர் வேப்பமரத்தடியில் வாங்க மட்டும் செய்தார், கொடுக்கவில்லை, கொடுக்க நாங்கள் அதிகாரம் தரவில்லை. ஏழு வருடத்தில் அவர் ஒருவர் மேல் பிள்ளைகளுக்கு வந்த நம்பிக்கை சங்கத்தின் மேல் வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அவர் போனதும் அதுவும் போயிற்று.

நேற்று மகளிடம் கேட்டேன், அங்கே எப்படி என்று. பேத்தி போன கோடையில் ரோலர் ஸ்கேட் வாங்க நாற்பது யூரோ எடுத்தாளாம். அம்மாவும் கூடப் போயிருக்கிறாள், ஆனால் எண்ணிக் கொடுத்தது பேத்தியின் கையில்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேரில் ஏழு பேருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, எல்லாம் உதவித்தொகைக்காகத் திறந்தது. ஒருவரும் அதில் தன் கையால் ஒரு ரூபாய் போட்டதில்லை. பாஸ்புக் அம்மாவின் பீரோவில். கல்லூரிப் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் வருகிறது, அது நல்ல விஷயம், அவளாவது ஏ.டி.எம். போய் எடுக்கிறாள்.

கடையில் எல்லாம் ஜிபே. சில்லறையே வீட்டுக்கு வருவதில்லை. பிள்ளைக்குக் கொடுக்க ஐந்து ரூபாய்க் காசு தேடி நான் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெளிவாக ஒரு கருத்து எனக்கு இன்னும் உருவாகவில்லை. கையில் எடை தெரியாத பணத்தை எட்டு வயதில் சேமிக்கப் பழக்க முடியும் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

27 ஏப்ரல் 2025

பாதுகாப்பு பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றேனே. இப்போது ரிசர்வ் வங்கி 21-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில், தானே கையெழுத்துப் போட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம். எவ்வளவு வரை என்பதை வங்கி தீர்மானிக்கும். கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க விடக்கூடாது. 2014-லேயே இந்த அனுமதி உண்டு, இப்போது விதிகளைச் சேர்த்துத் தெளிவாக்கியிருக்கிறார்கள். வங்கிகள் ஜூலை 1-க்குள் தங்கள் விதிகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். இது நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் பொருந்தும். அந்த வங்கிகளில் ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடும் இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அது ஒரு லட்சம்தான்.

கிராமச் சொசைட்டிக்கு இந்த இரண்டும் கிடையாது. நான் 31 வருடம் உட்கார்ந்த ஜன்னல் அது, எழுதக் கை வரவில்லை, ஆனால் கேட்டவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். தொடக்கச் சங்கத்து வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை. பிள்ளையின் இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் பயப்பட வேண்டாம், எங்கள் சங்கத்தில் யாருக்கும் ஒரு ரூபாய் நின்றதில்லை. பெரிய தொகையைப் பிரித்து வையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் அங்கே ஏப்ரல் மாதத்தைக் கிரெடிட் யூனியன்கள் பிள்ளைகளின் மாதமாகவே கொண்டாடுவதாக எழுதியிருந்தார். உயர்நிலைப் பள்ளிக்குள் மாணவர்களே நடத்தும் கிளைகள்கூட இருக்கின்றனவாம். 2025-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருக்கிறது. இந்த வருடமாவது வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லி மூன்று சங்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டுப் பேசினார். ஆள் பற்றாக்குறை என்றார். உண்மைதான். ஓய்வு பெற்ற நாங்கள் நாலு பேர் சம்பளமில்லாமல் போகத் தயார், ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் கொடுங்கள் என்றேன். நிர்வாகத்தில் வைக்கிறேன் என்றிருக்கிறார்.

12 ஜூலை 2025

செயலாளரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை நேரில் போகிறேன்.

இது வேறு. தம்பி பேரனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. நேற்று டவுனில் உள்ள நகரக் கூட்டுறவு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆதார், இரண்டு போட்டோ, அவன் கையெழுத்து. தமிழில் பெயரை எழுதி முதலெழுத்துக்குப் பிறகு புள்ளி வைக்கலாமா என்று என்னைக் கேட்டான். வை என்றேன். ஒரு மாதமாகச் சேர்த்த 140 ரூபாயை, எல்லாம் காசு, கவுண்டரில் கொட்டினான். காசாளர் சின்னப் பெண். பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். எண்ணி முடிக்கும் வரை அவள் தலை நிமிரவில்லை. பாஸ்புக்கை மெஷினில் விட்டு அச்சடித்து அவன் கையில் கொடுத்தாள்.

ஓரமாக நின்று படித்துப் பார்த்தான். பிறகு என்னிடம், "தாத்தா, கேட்டா குடுப்பாங்களா?" என்றான்.

கேட்டுப் பார் என்றேன்.

மறுபடி வரிசையில் போய் நின்றான். இருபது ரூபாய் வேண்டும் என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பணம் எடுக்கும் சீட்டை எழுதச் சொல்லிக்கொடுத்தாள், கையெழுத்தை ஒப்பிட்டாள், இரண்டு பத்து ரூபாய்த் தாளை எண்ணி நீட்டினாள். வாங்கி அவனும் எண்ணினான். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் அந்த இரண்டு தாளையும் மறுபடி கவுண்டருக்குள் தள்ளினான். அவள் ஒரு புதுச் செலானை எடுத்து அவன் பக்கம் வைத்து, பேனாவையும் கொடுத்தாள்.